உப்பனாறு முதல் கொள்ளிடம் வரை: கழிநீரில் ஒரு படகு

கடலூர் மாவட்டக் கடற்கரையில் தென்பெண்ணையும் கெடிலமும் வடக்கே கடலில் சேர்கின்றன. பரவனாறு கரைக்கு இணையாக வடக்கு நோக்கி ஓடி, கடலூர் முதுநகர் அருகே கெடிலத்தோடு கலக்கிறது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறும், மாவட்டத்தின் தென் எல்லையில் கொள்ளிடமும் கடலை அடைகின்றன. இந்த முகத்துவாரங்களுக்குள் கடல்நீர் நாளுக்கு இருமுறை ஏறி, இருமுறை வற்றுகிறது. அந்த நீர் புகும் கழிகளும் ஓடைகளும் வாய்க்கால்களும்தான் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் படகுவழிகள். சொந்தமாக ஒரு படகு வாங்கி இவற்றில் ஓட்ட நினைப்பவர் நீரின் ஆழம், ஓதம், சேறு, உப்பு, பாலம், சட்டம் ஆகிய ஆறையும் படகு வாங்கும் முன்பே கணக்கில் எடுக்க வேண்டும்.

கால்வாயில் படகு வைத்து வாழ்வது என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இங்கிலாந்தின் நேரோபோட். ஏறத்தாழ ஏழு அடி அகலமும் எழுபது அடி வரை நீளமும் கொண்ட இரும்புப் படகு அது. அங்குள்ள பல கால்வாய்களின் மதகுப்பூட்டுகள் ஏழடி அகலத்தில் கட்டப்பட்டதால் படகின் அகலமும் அதற்குள் அடங்கிவிட்டது. ஒரு காலத்தில் குதிரை இழுத்த சரக்குப் படகு இன்று டீசல் இயந்திரத்தில், மணிக்கு நான்கு மைல் வேக வரம்புக்குள் ஊர்கிறது. உள்ளே அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாம் உண்டு. அங்கே கால்வாயின் நீர்மட்டம் மாறாது, அது நன்னீர், கரைநெடுகக் கழிவை வாங்கிக்கொள்ளவும் குடிநீர் தரவும் ஏற்பாடுகள் இருக்கின்றன. கடலூர்க் கழிகளில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே இங்கு ஓடும் படகின் உருவமும் வேறாகிறது.

தமிழ்நாட்டின் பெரிய படகுக் கால்வாயான பக்கிங்ஹாம் கால்வாய் கடலூரை எட்டவில்லை. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய அந்தக் கால்வாய், 1877-78 பஞ்சகாலத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தது. அப்போது சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. ஆந்திரத்தில் 257 கிலோமீட்டரும் தமிழகத்தில் 163 கிலோமீட்டருமாக நீளும் அது தெற்கே மரக்காணத்தோடு நின்றுவிட்டது. 2008இல் அறிவிக்கப்பட்ட நான்காம் தேசிய நீர்வழியும் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரைதான். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் படகோட்டிக்கு அரசு வெட்டிய கால்வாய் இல்லை. ஆறும் கடலும் சேர்ந்து வெட்டிய வழிகளே உள்ளன.

கடலூர் முதுநகர்: உப்பனாற்றுக் கரை

தெற்கு நோக்கிய நீர்ப்பயணம் முதுநகரில் தொடங்குகிறது. பரவனாற்றின் கடைசிப் பகுதியை ஊர்மக்கள் உப்பனாறு என்பார்கள். ஆற்றின் மேல்கரையில் பழைய துறைமுகம். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டில் சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், அக்கரைகோரி போன்ற மீனவர் ஊர்கள். முகத்துவாரத்தில் ஆழம் போதாததால், கடலூர்த் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் நெடுங்காலம் வெளியே கடலில் நங்கூரமிட்டு நின்றன; பார்ஜ் எனப்படும் தட்டைப் படகுகள் சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்தன. ஆறு சுமந்து வரும் மண்ணையும் கடல் கரையோரமாகத் தள்ளிவரும் மணலையும் இந்த முகத்துவாரத்தில் ஓயாமல் தூர்வார வேண்டியிருக்கிறது.

படகு வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இந்தக் கரைதான். படகு கட்டுபவர், பைபர் ஒட்டுபவர், இயந்திரம் பழுது பார்ப்பவர், கயிறும் வலையும் விற்பவர் என எல்லாரும் அருகருகே இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பைபர் படகு பிடித்துக்கொண்டது. இருபத்தைந்து முதல் முப்பது அடி நீளமுள்ள அந்தப் படகு கடலலையை ஏறிக் கடக்க ஏற்றபடி முன்முனையான அணியம் உயர்ந்து இருக்கும். கழியில் மட்டும் ஓட்டுபவருக்கு அவ்வளவு உயரம் தேவையில்லை. அடி தட்டையாகவும் விளிம்பு தாழ்வாகவும் உள்ள சிறு படகே சேற்றுக்கும் ஓடைக்கும் பொருந்தும்.

படகின் உடலுக்கு மூன்று பொருள்கள் உண்டு. மரம் பார்க்க அழகானது. ஆணியோ பலகையோ பழுதானால் ஊர்த் தச்சரே சரிசெய்துவிடலாம். ஆனால் உப்புநீரில் துளைப்புழு மரத்தை உள்ளிருந்து அரித்துவிடும். அதனால் மரப்படகை ஆண்டுதோறும் கரையேற்றி, காயவைத்து, எண்ணெய் பூச வேண்டும். முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் இதற்குக் காலங்காலமாகப் பயன்படுவது. முந்திரிக்குப் பேர்போன பண்ருட்டி இதே மாவட்டத்தில் இருப்பதால் அதற்கு அலைய வேண்டியதில்லை. அது தோலைப் பொசுக்கும் என்பதால் கையுறை போட்டுத்தான் பூச வேண்டும். இரும்பு உறுதியானது, ஆனால் இந்த உப்புக்காற்றில் துரு அதை விட்டுவைக்காது. அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தி, அவை இரும்புக்குப் பதிலாகக் கரையும்படி விட்டு, கரைந்ததும் மாற்ற வேண்டும். பைபருக்குத் துருவும் இல்லை, புழுவும் இல்லை. வெயிலில் மேற்பூச்சு வெளுத்து வெடிப்பதும், சிப்பிப் பாறையில் உரசினால் கீறுவதும் அதன் குறைகள். அந்தக் கீறலை அடைக்கக் கரையில் அரைநாள் வேலை போதும். இந்த வட்டாரத்துக்கு மூன்றில் பைபரே உகந்தது.

எந்தப் பொருளானாலும் அடியில் ஒட்டி வளரும் கொட்டலசு விடாது. உப்பனாற்றில் சில வாரம் அசையாமல் கட்டிய படகின் அடியில் அது படர்ந்துவிடும். படகின் வேகம் குறையும், எரிபொருள் கூடும். மாதம் ஒருமுறை, வற்று நேரத்தில் மணலில் சாய்த்துச் சுரண்டுவதே எளிய வழி. வடகிழக்குப் பருவமழையில் ஆறு நன்னீராக ஓடும் நாட்களில் இந்தத் தொல்லை தானே தணியும்.

உப்பனாற்றில் முதுநகரிலிருந்து தெற்கே போனால் மேல்கரையில் சிப்காட் தொழிற்பேட்டை வருகிறது. அதற்கும் அப்பால் ஆறு குறுகி, பெருமாள் ஏரிப் பக்கம் திரும்பிவிடும். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீரும் இந்த ஆற்றில்தான் வருகிறது. இங்கிருந்து வெள்ளாற்றுக்கு உள்நாட்டு நீர்வழி கிடையாது. படகைக் கடல்வழியாகக் கொண்டுபோக வேண்டும். அல்லது வண்டியில் ஏற்றி ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் சாலையில் போக வேண்டும். வண்டியில் ஏறாத படகை வாங்கினால் அது இந்த ஓர் ஆற்றுக்குள்ளேயே அடைபட்டுவிடும். நீளத்தையும் எடையையும் முடிவு செய்யும்போது இதை மறக்கக் கூடாது.

பரங்கிப்பேட்டை: வெள்ளாற்றின் வாய்

போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் வந்து வணிகம் செய்த துறை பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் இங்கே மோதின. 1830இல் ஜோசையா ஹீத் தொடங்கிய இரும்பாலை, சேலத்துத் தாதுவை நம்பி இந்த ஆற்றங்கரையில் நடந்தது. இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய அன்னங்கோயிலிலும் தென்கரையில் முடசலோடையிலும் மீன்பிடி இறங்குதளங்கள் உள்ளன.

அகலமும் ஆழமும் ஓரளவு சேர்ந்து கிடைப்பது இந்த வெள்ளாற்றுக் கழிமுகத்தில்தான். படுத்துறங்கும் அளவுக்குக் கூரையுள்ள படகை மாவட்டத்தில் எங்கேனும் வைக்கலாம் என்றால் அது இங்கேதான். அதற்கும் எல்லைகள் உண்டு. விழுப்புரம், மயிலாடுதுறை ரயில்பாதை பரங்கிப்பேட்டைக்கும் கிள்ளைக்கும் நடுவே ஆற்றைக் கடக்கிறது. ரயில்பாலத்தின் உயரம் மாறாது, நீர்மட்டம்தான் மாறும். ஏற்றத்தில் இடிக்கும் கூரை வற்றில் கடந்துவிடும். வற்றிலோ அடி தட்டும். கூரையை மடக்கும்படி கட்டுவதே இதற்குத் தீர்வு. ஆற்றில் இன்னும் மேலே போக நினைத்தால் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு மறிக்கும். கொள்ளிடத்தில் கீழணையும் அப்படியே. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணையிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் பாசனத்துக்கானவை. அதே காட்டன் பின்னாளில் கோதாவரிக் கழிமுகத்தில் படகு ஏறி இறங்கும் பூட்டுகளோடு கால்வாய்கள் அமைத்தார். காவிரிப் பாசனப் பகுதிக்கு அந்த வசதி வரவில்லை. ஆகவே இங்கே படகுவழி என்பது ஓதம் எட்டும் தூரம் வரை மட்டுமே.

ஓதக் கணக்கு இந்தக் கரையில் எளிது. ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு பொதுவாக ஒரு மீட்டருக்குள் அடங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மிகுதியாக ஏறி மிகுதியாக வற்றும். அட்டமி, நவமியில் இரண்டும் மந்தமாக இருக்கும். ஏற்ற நேரம் நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை ஆறு மணிக்கு ஏறிய நீர் நாளை ஏழுக்குச் சற்று முன்பு ஏறும். முகத்துவாரத்திலிருந்து உள்ளே போகப் போக இந்த நேரம் மேலும் தாமதமாகும். உள்ளோடைக்குள் ஏற்றத்தோடு நுழைந்து, வற்று தொடங்கியதும் திரும்புவது மீனவர் வழக்கம். வற்றின் கடைசியில் நுழைந்த படகு சேற்றில் அமர்ந்துவிட்டால் அடுத்த ஏற்றம் வரும்வரை ஐந்தாறு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டியதுதான். இறங்கித் தள்ள முயன்றால் முழங்கால் வரை சேறு இழுக்கும், உடைந்த சிப்பி காலைக் கிழிக்கும்.

கட்டும் கயிற்றிலும் ஓதக் கணக்கு வரும். ஏற்றத்தில் இறுக்கிக் கட்டிய படகு வற்றில் தொங்கிச் சாயும். கயிற்றைத் தளர்த்தி, அணியத்தில் ஒன்றும் பின்முனையான அமரத்தில் ஒன்றுமாக நீளமாகக் கட்டி, ஆற்றின் பக்கம் ஒரு நங்கூரமும் போட்டால் படகு நேராக ஏறி இறங்கும்.

இயந்திரத்தில் இரண்டு வகை கரையில் புழங்குகின்றன. ஒன்று அமரத்தில் மாட்டும் அவுட்போர்டு. மற்றது நீண்ட தண்டின் நுனியில் விசிறி சுழலும் லாங்டெயில் இயந்திரம். எட்டு, பத்து குதிரைத்திறன் கொண்ட டீசல் இயந்திரத்தில் ஓடும் லாங்டெயில், ஆழம் குறைந்ததும் தண்டைத் தூக்கிவிடலாம் என்பதால் சேற்றுநீருக்குத் தோதானது. அது போடும் சத்தம் பெரிது. திரும்ப அதிக இடம் வேண்டும். அவுட்போர்டு மென்மையானது, ஆனால் குளிர்விக்க உறிஞ்சும் நீரோடு சேறும் உள்ளே போய் அடைக்கும். எதை மாட்டினாலும் படகில் நீண்ட கழி ஒன்று, துடுப்பு இரண்டு, விசிறியில் சுற்றும் வலைத்துண்டை அறுக்கக் கத்தி ஒன்று இருந்தே ஆக வேண்டும். மீன்பிடி விசைப்படகுகளுக்கு அரசு தரும் வரிவிலக்கு டீசல் சொந்தப் பயணப் படகுக்குக் கிடைக்காது. எரிபொருளைச் சாலையோர பங்க்கில் வாங்கிக் கேனில் கொண்டுவர வேண்டியிருக்கும்.

பிச்சாவரம்: அலையாத்திக் காட்டினுள்ளே

வெள்ளாற்றையும் கொள்ளிடத்தையும் உள்வழியாக இணைப்பது பிச்சாவரக் கழி. சிதம்பரத்திலிருந்து கிழக்கே கிள்ளை வழியாகச் சாலையிலும் இங்கு வரலாம். சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டுகளாகச் சிதறிய காடு இது. வடக்கே வெள்ளாற்று நீர், தெற்கே கொள்ளிட நீர், மேற்கே அதே பெயருள்ள வேறோர் உப்பனாறும் கான்சாகிப் வாய்க்காலும் கொண்டுவரும் நன்னீர், கிழக்கே சின்னவாய்க்கால் முகத்துவாரம் வழியாகப் புகும் கடல்நீர் எல்லாம் கலக்கும் இடம். கரையோரம் சுரபுன்னை முட்டுவேர் ஊன்றி நிற்கும். அதற்குப் பின்னால் வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். இன்னும் மேட்டில் தில்லை மரம். 2022இல் இந்தக் கழி ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

படகோட்டிக்கு இங்கே இருவகை வழிகள். அகன்ற முதன்மை ஓடைகளில் மோட்டார் படகு ஓடும். கிளைகள் இரண்டு பக்கமும் கவிந்த குறுகிய ஓடைகளில் துடுப்புப் படகு மட்டுமே நுழையும். பல இடங்களில் நீர் ஆளுயரத்துக்கும் குறைவு. இரண்டடி ஆழம் மூழ்கும் நேரோபோட்டோ, கேரளத்தின் வீட்டுப் படகான கெட்டுவள்ளமோ இந்தக் குறுகிய ஓடைகளில் நுழைந்தால் திரும்ப இடமிருக்காது.

இது காப்புக்காடு. வனத்துறையின் அனுமதியில்லாமல் சொந்தப் படகில் உள்ளே போகக் கூடாது. சுற்றுலாப் பயணிகளுக்கான படகுகளைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் இயக்குகிறது. அலையாத்திக் காடு கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தின் கடுமையான பிரிவில் வருவதால், தனியார் கரையில் துறை கட்டுவதற்கும் அனுமதி எளிதில் கிடைக்காது. படகு வைத்திருப்பவர் கிள்ளை, முடசலோடைப் பக்கம் ஏற்கெனவே உள்ள துறைகளில் ஊராரிடம் பேசி இடம் பெறுவதே நடைமுறை.

காட்டுக்குள் சில நேரான வாய்க்கால்களும் கண்ணில் படும். முன்பு மரங்களைப் பட்டை பட்டையாக வெட்டியதில் மண் தாழ்ந்து, ஓதநீர் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மிகுந்து மரம் முளைக்காத வெளிகள் உண்டாயின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் நடுவாய்க்காலும் கிளை வாய்க்கால்களுமாக வெட்டி, ஓதம் போய்வர வழி செய்தார்கள். பிறகு கன்றுகள் பிடித்தன. இந்த வாய்க்கால்கள் மரத்துக்காக வெட்டியவை. இவற்றில் விசிறியைச் சுழற்றினால் சேறு கலங்கி வாய்க்கால் தூர்ந்துபோகும், கன்றும் சாயும்.

இந்த நீரை நம்பிப் பிழைப்பவர் பலர். இருளர் குடும்பங்கள் நீரில் அமர்ந்தபடி கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். மற்றவர்கள் ஓடையின் குறுக்கே வலை கட்டுகிறார்கள். ஆள் இருக்கும் இடத்தில் இயந்திரத்தை நிறுத்திக் கழி ஊன்றிப் போவதும், வலைக்கு முன்பே தண்டைத் தூக்குவதும், சந்தேகம் இருந்தால் குரல் கொடுத்துக் கேட்பதும் இங்கே எழுதாத சட்டம்.

எழுதிய சட்டமும் உண்டு. 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி, இயந்திரம் பொருத்திய கலத்துக்குப் பதிவு, தகுதி ஆய்வுச் சான்று, காப்பீடு, ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று ஆகியவை வேண்டும். ஒரு மாநிலத்தில் பெற்ற சான்று நாடெங்கும் செல்லும். மீன்பிடிப் படகின் பதிவு மீன்வளத் துறையிடம். அப்படிப் பதிந்த படகில் கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றுவது விதிமீறல்.

கொள்ளிட முகமும் பருவமும்

பிச்சாவரத்தின் தென்கோடியில் ஓடை அகன்று கொள்ளிடத்தோடு சேர்கிறது. எதிரே கொடியம்பாளையம். முகத்துவாரத்தை நெருங்கும்போது நீரோட்டம் வலுக்கும். வற்றுநீர் கடலுக்குப் பாயும் வேளையில் எதிரே கடற்காற்று அடித்தால் மணல்மேட்டின் மீது அலை குத்தாக எழும். தட்டையடிப் படகுக்கு இங்கே வேலையில்லை. முகத்துவாரத்தைக் கடப்பது கடல்படகும் கடலறிந்தவரும் செய்ய வேண்டிய காரியம். அவர்களும் ஏற்றம் நிறைந்த நேரத்தையே தேர்வார்கள். சின்னவாய்க்காலை ஒட்டிய எம்.ஜி.ஆர். திட்டு 2004 ஆழிப்பேரலையில் அழிந்து, மக்கள் வெளியேறிய ஊர். அலையாத்திக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கு அவ்வளவு சேதம் இல்லை.

ஆண்டில் படகுக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. மழைநீர் வடிந்திருக்கும், ஓடைகளில் ஆழம் இருக்கும், காற்று மிதமாக வீசும். ஏப்ரல் முதல் ஜூன் வரை நீர் குறைந்து உப்பேறும். முகத்துவாரங்களில் மணல் அடைக்கும். பிற்பகலில் கடற்காற்று வலுப்பதால் காலையிலேயே பயணத்தை முடிப்பது நல்லது. மேட்டூர் நிரம்பி வழியும் ஆண்டுகளில் ஆகஸ்டு வாக்கிலும் கொள்ளிடத்தில் வெள்ளம் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015இல் பெருமழை மாவட்டத்தை மூழ்கடித்தது. கடலூர்த் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், படகை மேட்டில் ஏற்றிக் கட்டுவதே பாதுகாப்பு. கையால் ஏற்ற முடியாத படகுக்கு இந்த மூன்று மாதமும் ஆபத்துதான்.

படகிலேயே தங்குவதற்குக் குடிநீர் முழுவதையும் கரையிலிருந்து ஏற்ற வேண்டும்; சுற்றியிருப்பது உப்புநீர். கழிப்பறைக் கழிவை வாங்கிக்கொள்ளும் நிலையம் இங்கே எங்கும் இல்லை. அதை ஓடையில் விடுவது இறால் தடவுபவரின் தலையில் கொட்டுவதற்குச் சமம். மின்சாரத்துக்கு ஒரு சூரியப்பலகையும் மின்கலமும் போதும். ஆனால் மூடிய அறையில் மே மாதப் புழுக்கத்தைத் தணிக்க அது போதாது. சமைக்க எரிவாயு அடுப்பு வைத்தால் உருளையை மேல்தளத்தில் காற்றோட்டமாக வைக்க வேண்டும். கசியும் வாயு கனமானது என்பதால் படகின் அடியில் தங்கிப் பற்றிக்கொள்ளும்.

இத்தனையும் கூட்டிப் பார்த்தால் கடலூர், சிதம்பரம் கழிகளுக்கு ஏற்றது இருபதடிக்குள் அடங்கும், தட்டையடியுள்ள பைபர் படகு. மடக்கும் கூரை, தூக்கக்கூடிய லாங்டெயில், ஒரு கழி, ஏறுபவர் ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்காப்புச் சட்டை. நான்கைந்து பேர் சேர்ந்தால் கரையேற்றலாம். சிறு லாரியில் ஏற்றி உப்பனாற்றிலிருந்து வெள்ளாற்றுக்குக் கொண்டுபோகலாம். இரவு தங்கச் சிதம்பரத்தில் விடுதிகள் உள்ளன. மிதக்கும் வீடு வேண்டுமென்பவர் கேரளத்தின் காயலைத் தேடிப் போவதே நல்லது. இந்தக் கழிகளில் படகு வாங்க எண்ணுபவர், பணம் கொடுப்பதற்கு முன்பு ஓர் ஆண்டின் ஏற்றத்தையும் வற்றையும் முடசலோடைப் படகோட்டி ஒருவரோடு கூடவே இருந்து பார்த்துவிட வேண்டும்.